ராத்திரியில் கத்திய கார்



போன தடவை சுவர் இதழுக்கு "மரம் வளர்ப்போம்" என்று எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை எங்கள் வீட்டில் நடந்ததையே எழுதுகிறேன். எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏன் என்று படித்தால் தெரியும்.

என் அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். எங்களுடையது வெள்ளை அம்பாசடர், டீசல் வண்டி, 1996 மாடல். அம்பாசடர் கார் மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் தயாரானது. 2014ஆம் ஆண்டோடு தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதனால் எங்கள் வண்டியைப் பார்த்து, "இதைக் கொண்டுபோய் மியூசியத்துல வைங்க" என்று கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். எங்கள் வீட்டு அரிசி, என் நோட்டு, தம்பியின் செருப்பு எல்லாம் அந்த வண்டி ஓடித்தான் வருகிறது.

அப்பா வாங்கும்போதே அதில் அலாரம் இருந்தது. பழைய ஓனர் கடையில் கொடுத்து மாட்டியது. பூட்டியிருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் கத்தும். ரிமோட்டை அமுக்கினால் நிற்கும். தெருவிலேயே எங்கள் வண்டிக்கு மட்டும்தான் அலாரம் என்று எனக்குப் பெருமை.

மார்கழி மாதம் ஒருநாள் ராத்திரி 2 மணிக்கு அது கத்தியது. தெருவே எழுந்து வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமா கையில் தடியோடு வந்தார். திருடனும் இல்லை, நாயும் இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் கத்தியது. அப்புறம் அடிக்கடி கத்த ஆரம்பித்தது. நாலாவது தடவை யாருமே வெளியே வரவில்லை. புலி வருது கதை மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டு ஆயா மட்டும், "எனக்குப் படபடன்னு வருதுப்பா, அந்தச் சனியனை ஏதாவது பண்ணு" என்று அப்பாவிடம் அழாத குறையாகச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பு அக்கா ஒருவர் அரைத் தூக்கத்தில் அரையாண்டுத் தேர்வு எழுதப் போனார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் சத்தம் 45 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதியில் இருக்கிறதாம். சார் சொன்னார். எங்கள் கார் அதையெல்லாம் படிக்கவில்லை.

அப்பா, "யாரோ பசங்க வேணும்னே கை வெக்கிறாங்க" என்றார். நான் உடனே ஒரு பெயரைச் சொன்னேன். அந்தப் பையன் சாயங்காலம் எங்கள் கார் பக்கத்தில் நின்று கண்ணாடி வழியாக உள்ளே பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது அவ்வளவுதான். ஆனால் நான் சொன்னது, "அவன்தாம்ப்பா, எப்பவும் வண்டிய நோண்டிக்கிட்டே இருப்பான்."

அப்பா அவன் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்டார். அவன் அம்மா அவனை எல்லார் முன்னாலும் அடித்தார்கள். அவன் "நான் இல்ல" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அப்புறம் எங்கள் வீட்டு வழியாகப் பள்ளிக்குப் போவதையே விட்டுவிட்டு, ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போனான்.

பொங்கல் லீவுக்கு அவன் மாமா ஊருக்குப் போய்விட்டான். போகி அன்று ராத்திரி அலாரம் கத்தியது. பாயில் படுத்திருந்த எனக்குத் திக்கென்றது. அவன்தான் ஊரிலேயே இல்லையே! அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம்.

பொங்கல் முடிந்து, சவாரி போய்வந்த சேறு போக நானும் அப்பாவும் வண்டியை நன்றாகக் கழுவினோம். அன்று ராத்திரி மூன்று தடவை கத்தியது. மூன்றாவது தடவை ரிமோட்டுக்கும் நிற்கவில்லை. அப்பா பானட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றினார். அப்பவும் கத்தியது! சைரனுக்குள்ளேயே ஒரு சின்ன பேட்டரி இருக்கிறதாம். திருடன் வயரைக் கழற்றினாலும் கத்துவதற்காக அப்படி. அதை நிறுத்தத் தனியாக ஒரு குட்டிச் சாவி உண்டு. அந்தச் சாவி பழைய ஓனரிடமிருந்தே வரவில்லை. அப்பா சைரனை ஸ்பேனர் போட்டுக் கழற்ற, அம்மா அதை அண்டாவில் போட்டு நாலு சாக்கை மேலே அமுக்கினார்கள். அண்டாவுக்குள் அது அழுது அழுது ஓய்ந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. அப்பா கோபத்தில் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு அலாரம் பெட்டியின் வயர்களை எல்லாம் வெட்டிவிட்டார்.

விடியற்காலை 5 மணிக்கு ஒரு தாத்தாவைக் கண் ஆபரேஷனுக்கு டவுனுக்குக் கூட்டிப்போக வேண்டும். அப்பா பேட்டரி வயரை மாட்டிச் சாவியைத் திருப்பினார். செல்ஃப் எடுக்கவே இல்லை. அந்தத் தாத்தா துண்டைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தள்ளிப் பார்க்கலாம்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. நான், அம்மா, மாமா மூன்று பேரும் தள்ளினோம். அம்பாசடர் அசையுமா? அப்போது பின்னாலிருந்து இன்னொரு கை வந்து டிக்கியில் பட்டது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பையன். முந்தின நாள்தான் ஊரிலிருந்து வந்திருக்கிறான். என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்து தள்ளினான். தெரு முனையில் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. அவன் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை அப்பாவோடு டவுனில் எலக்ட்ரீசியன் கடைக்கு நானும் போனேன். அந்த அண்ணன் பார்த்துவிட்டு, "என்னண்ணே, எது எதுக்குப் போவுதுன்னு பாக்காம வெட்டிட்டீங்களே" என்றார். அலாரம் மாட்டும்போது, திருடன் ஓட்டிக்கொண்டு போகாமல் இருக்க, செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வயரை வெட்டி நடுவில் ஒரு ரிலே வைத்திருந்தார்கள். அலாரத்துக்குக் கரண்ட் இல்லையென்றால் அந்த ரிலே சேராது. அதனால்தான் செல்ஃப் எடுக்கவில்லை. அலாரத்தை எடுப்பதாக இருந்தால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். பிறகு அந்த வயரின் இரண்டு முனையையும் பழையபடி சேர்த்து நன்றாக டேப் சுற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் பெட்டியை எடுக்க வேண்டும். அண்ணன் அப்படியே செய்தார்.

பிறகு கதவுச் சட்டத்தில் இருந்த ஒரு சின்ன ஸ்விட்சைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். கதவை மூடினால் அதன் பின் உள்ளே அழுந்தி, வயருக்கும் வண்டி பாடிக்கும் தொடர்பு விட்டுப்போகும். கதவைத் திறந்தால் பின் வெளியே வந்து தொடர்பு கிடைக்கும். உடனே அலாரம் கத்தும். எங்கள் ஸ்விட்சின் ரப்பர் மூடி கிழிந்திருந்தது. உள்ளே முழுக்கத் துரு. பனி பெய்தாலோ வண்டியைக் கழுவினாலோ ஈரம் இறங்கி, கதவு மூடியிருக்கும்போதே தொடர்பு ஏற்பட்டிருக்கிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் வேண்டும் என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவள் நான்! மார்கழியில் ஏன் அதிகம் கத்தியது என்று அப்போதுதான் புரிந்தது.

அலாரத்துக்குத் திருடன் யார் என்று தெரியாது. வயர் தொட்டால் கத்தும், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் கத்தியிருக்கிறேன். அவன் பக்கத்தில் நின்றான் என்பதற்காக அவன்தான் என்று சொல்லிவிட்டேன்.

அன்று மாலையே அப்பா அவன் வீட்டுக்குப் போய், "தப்பு என்மேலதான் தம்பி" என்றார். அவன் பரவாயில்லை மாமா என்றானாம். ஆனால் தப்பு அப்பாவுடையது மட்டும் இல்லை. பெயரைச் சொன்னது நான். போகி அன்றே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான். நேரில் சொல்ல இரண்டு தடவை போய், பாதியிலேயே திரும்பிவிட்டேன்.

அவன் இந்தப் பள்ளியில்தான் படிக்கிறான். சுவர் இதழ் ஒட்டினால் முதல் ஆளாக வந்து படிப்பான். அதனால் இங்கே எழுதுகிறேன். என்னை மன்னித்துக்கொள். இனிமேல் ஏரிக்கரை சுற்றிப் போகாதே. எங்கள் தெரு வழியாகவே வா. காரின் உள்ளே பார்க்க ஆசையாக இருந்தால் அப்பா கதவைத் திறந்தே காட்டுகிறேன் என்றார். இப்போது திறந்தால் கத்தாது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.



இப்படிக்கு,
9ஆம் வகுப்பு மாணவி