முத்திரை வைத்த என்ஜின்

மோட்டார்ப் பந்தயம் என்றால் மற்ற ஊர்க்காரர்கள் ஓட்டுகிறவனைப் பற்றிப் பேசுவார்கள். புளியந்தோப்பில் பிறந்தவன் என்ஜினைப் பற்றித்தான் பேசுவான். இதில் ஆச்சரியமில்லை. ஒரு பக்கம் பெரம்பூர் ரயில்வே பட்டறை. இன்னொரு பக்கம் பேசின் பிரிட்ஜ். நூறு வருஷத்துக்கு மேல் சங்கு ஊதி எங்கள் பாட்டன்மார்களை எழுப்பிவிட்டு, 1996-ல் ஓய்ந்துபோன பின்னி மில். இவற்றின் மிச்சசொச்சம்போலச் சந்துக்குச் சந்து லேத்துப் பட்டறைகள். ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவன் எங்கோ இருக்கிற கனவான். வண்டியை ஓட வைக்கிறவன் நம்ம ஆள் என்பது எங்கள் பேட்டையின் சித்தாந்தம்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் டிமெல்லோஸ் சாலைக்குப் பின்னால் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சோழவரத்தில் பந்தயம் நடந்த காலத்தில் யார் யாருக்கோ என்ஜின் கட்டிக் கொடுத்த கை அவருடையது. 2024 ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்ததல்லவா? 2023 டிசம்பரில் புயலால் தள்ளிப்போய், சர்க்கார் இதற்குப் பணம் செலவழிக்கலாமா என்று ஹைகோர்ட் வரைக்கும் போய்வந்த அதே பந்தயம். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். ஃபார்முலா 4 வண்டிகளைப் பற்றிப் பத்திரிகையில் படித்ததை அவரிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"என்ஜினைத் தொறக்க வுடுவாங்களா, தம்பி?"

"இல்லைண்ணே. எல்லாருக்கும் ஒரே என்ஜின். முத்திரை வைத்துக் கொடுத்துவிடுவார்கள். உடைத்தால் ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்."

"அப்போ நமக்கு அங்க இன்னா வேலை?"

நான் முத்திரையின் கட்சிக்காரன். ஆனாலும் இந்தக் கேள்வியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

முத்திரை ஏன் வந்தது என்று தெரிய வேண்டுமானால் சோழவரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். யுத்த காலத்து விமானத் தளம் அது. விமானம் ஏறி இறங்குவதற்காகப் போட்ட நேர்ப்பாதையில் கார் ஓட்டினால் பெரிய என்ஜின்தான் முந்தும். கோண்டல் மகாராஜா வந்தார். பிற்பாடு விஜய் மல்லையா, உலகப் பந்தயத்துக்கென்று செய்த என்ஸைன் ஃபார்முலா 1 வண்டியையே கொண்டுவந்து ஓட்டினார். அதே மைதானத்தில் ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்துப் போட்டு, ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஓட்டியவர்களும் உண்டு. வேடிக்கை பார்த்த ஜனங்களுக்கு இரண்டும் ஒரே பந்தயம்தான். வண்டி கட்டியவனுக்குத்தான் தெரியும், ஒன்று கஜானா, மற்றொன்று கடன் என்று!

இதை உள்ளேயிருந்தே கண்டவர் கோயம்புத்தூர் கரிவரதன். லட்சுமி மில் குடும்பத்துப் பிள்ளை, பணத்துக்குப் பஞ்சமில்லை. அவரே சோழவரத்தில் வேகமாக ஓட்டியவர். அப்படிப்பட்டவர் 1980-களின் கடைசியில் ஒரு காரியம் செய்தார். தெருவில் ஓடும் மாருதி 800-ன் என்ஜினை, அந்த மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜினை, ஒற்றை ஆள் உட்காரும் பந்தய வண்டியில் பொருத்தினார். எல்லாருக்கும் அதே வண்டி. ஃபார்முலா மாருதி என்று பெயர். 1995-ல் விமான விபத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். செட்டிப்பாளையத்தில் பின்னால் பந்தயத் தளம் அமைத்தவர்கள் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். நியாயந்தான்.

சின்ன என்ஜினில் திறமை எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சின்ன என்ஜினில்தான் தெரியும், ஐயா! பெரிய வண்டிக்காரன் வளைவில் தடுமாறி வேகத்தை இழந்தாலும் அடுத்த நேர்ப்பாதையில் பெடலை மிதித்துத் தன் தப்பை மறைத்துக்கொள்வான். சின்ன வண்டிக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. வளைவில் அவன் விட்ட வேகம் அடுத்த வளைவு வரும்வரை திரும்பாது. எங்கே பிரேக்கைத் தொடுவது, எங்கே விடுவது, முன்னால் போகிறவன் கிழித்த காற்றில் எவ்வளவு நேரம் ஒளிந்து வருவது என்பதெல்லாம் அங்கேதான் கணக்குக்கு வரும். நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் பந்தயம் ஓடியது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில், இந்த மாருதி வண்டியில்தான். அதிலேயே மேடை ஏறிவிட்டார்.

அதே நரேன் 2005-ல் ஜோர்டான் வண்டியில் ஃபார்முலா 1-க்குப் போனாரே, அங்கே அவருக்குப் பாயிண்ட் கிடைத்தது ஒரே ஒரு தடவை. அமெரிக்காவில், இண்டியானாபோலிஸில். மிஷெலின் டயர் அந்தத் தளத்துக்குத் தாங்காது என்று பதினாலு வண்டிகள் ஒதுங்கிக்கொள்ள, மிச்சம் ஆறு வண்டிகள் மட்டும் ஓடின; நரேனுக்கு நாலாவது இடம். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உயரத்துக்குப் போனபிறகு ஆளைவிட டயர் பேசுகிறது என்று சொல்ல வந்தேன். திறமையை நிறுத்துப் பார்க்க வேண்டுமென்றால் கீழ்ப்படியில் பார்த்துவிட வேண்டும்.

ஆனால் கீழ்ப்படியிலும் பணம் சும்மா இருக்குமா? என்ஜின் கதவைச் சாத்தினால் அது ஜன்னல் வழியாக வரும். புது டயர், வாரத்துக்கு நாலு நாள் ஒத்திகை, வெளிநாட்டுப் பயிற்சி... முத்திரை வைக்க முடியாத இடங்கள் எத்தனையோ! நாலு நாள் ஒத்திகை பார்த்த பிள்ளையும், பந்தயத்தன்று காலையில் வண்டியைத் தொடும் பிள்ளையும் ஒரே என்ஜினில் ஓடினால் அது சமம் ஆகிவிடுமா?

இங்கேதான் எங்கள் மெக்கானிக்கின் வழக்கு எழுந்து நிற்கிறது. பணக்காரப் பிள்ளைக்கு இன்னும் பத்து வழி திறந்திருக்கிறது. ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவதும், காற்றுப் போகும் துவாரங்களை இழைத்துப் பளபளப்பாக்குவதும், ஃப்ளைவீலில் பாரத்தைக் குறைப்பதும்தான் ஏழைக்குத் தெரிந்த வித்தை. காசில்லாதவன் கைத்திறமையால் உள்ளே நுழைய இருந்த ஒரே சந்து அது. காசில்லாத டிரைவரைக் காப்பாற்றத்தான் சட்டம் போட்டார்கள். காசில்லாத மெக்கானிக்கை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதற்கு மாற்று ஒன்று உண்டு. அமெரிக்கக் கிராமங்களில் மண் தரையில் நடக்கும் சின்னப் பந்தயங்களில் ஒரு விநோதமான விதி இருக்கிறது. என்ஜினை எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள். ஆனால் நீ ஜெயித்தால், தோற்றவன் ஒருவன் முன்கூட்டியே நிர்ணயித்த விலையை உன் கையில் வைத்து அந்த என்ஜினைக் கேட்கலாம். நீ கழற்றிக் கொடுத்தே தீர வேண்டும். அற்ப விலைக்குப் பறிபோகப் போகிற என்ஜினில் எவன் லட்சம் லட்சமாய்க் கொட்டுவான்? செலவு தானே அடங்கும். கை மட்டும் வேலை செய்யும்.

இதை விவரமாகச் சொல்லி முடித்தேன். பெரியவர் துடைத்துக்கொண்டிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ஜெயிச்சவன் என்ஜினை வாங்கியாந்து இங்க பிரிச்சுப் பாக்கலாமா?"

"பார்க்கலாமே."

"எவ்ளோ ரூபா கேப்பான், தம்பி?"