சிறுதேர்ப் பந்தயம்

சித்திரைத் திருவிழாவில் மதுரை மாசி வீதிகளைத் தேர் வலம்வரும் நாளில், காண்போர் கண்கள் எல்லாம் வடம் பிடித்து இழுப்போர்மேலேயே செல்லும். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டை ஏந்தி நடந்துவரும் சிலரை எவரும் பெரிதாக நோக்குவதில்லை. நேரான வீதியில் அவர்களுக்கு வேலை குறைவு. வீதி திரும்பும் முனையிலோ எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. உரிய பொழுதில், உரிய சக்கரத்தின் கீழ் அவர்கள் இடும் கட்டையே மலைபோல் அசைந்துவரும் தேரை நிறுத்துகிறது. வேண்டிய பக்கம் திருப்புகிறது. இழுக்கும் கைகள் ஆயிரம் இருப்பினும், அடக்கத் தெரிந்த கைகள் சில இல்லையேல் தேர் நிலைக்கு வந்து சேராது.

நகரைச் சூழ்ந்த சமவெளி ஊர்களில் நடைபெறும் மாட்டுவண்டிப் பந்தயமும் இதனையே காட்டும். பெரிய மாடு, சின்ன மாடு எனப் பிரித்து ஓட்டப்படும் அப்பந்தயத்தில், வண்டிகள் எல்லைவரை ஓடித் திரும்பி வருதல் வேண்டும். நேர்ச்சாலையில் மாட்டை விரட்டுதல் எளிது. திரும்பும் இடத்தில் கயிற்றை எப்பொழுது இழுப்பது, எவ்வளவு இழுப்பது என்பதை அறிந்த சாரதியே முந்துவான். அறியாதவனுடைய வண்டி குடைசாயும்.

இத்தொன்மையான பாடத்தை எஞ்சின் பூட்டிய சிறு வண்டியில் அமர்ந்து கற்கும் விளையாட்டு ஒன்று இக்காலத்தில் உண்டு. அதனைக் ‘கார்ட்’ பந்தயம் என்பர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர்ப் பருவம். நடை பழகிய குழந்தை சிறிய தேரை உருட்டி விளையாடும் பருவம் அது. அப்பெயரையே கார்ட் வண்டிக்கும் இட்டுச் ‘சிறுதேர்’ என வழங்குதல் மிகவும் பொருந்தும். தோற்றத்தில் விளையாட்டுப் பொருளாயினும், பின்னாளில் பெருந்தேர் செலுத்துவோர்க்கு முதற்பயிற்சி தருவது இதுவே.

சிறுதேர் பிறந்தது அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில். பந்தயக்கார் கட்டும் தொழிற்கூடம் ஒன்றில் பணிபுரிந்த ஆர்ட் இங்கல்சு என்பவர், 1956-ஆம் ஆண்டில் இரும்புக் குழாய்களை இணைத்து ஒரு சட்டம் அமைத்தார். புல்வெட்டும் கருவிக்கென உருவான சிறிய எஞ்சினை அதில் பூட்டினார். பாசடீனா நகரில், விளையாட்டரங்கு ஒன்றை அடுத்த வண்டி நிறுத்துமிடத்தில் அவ்வண்டி ஓடியது. கண்டோர் பலர் தமக்கும் ஒன்று வேண்டுமென விழைந்தனர். ஆறே ஆண்டுகளில், அஃதாவது 1962-ஆம் ஆண்டில், இவ்விளையாட்டுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஆணையம் ஒன்று தோன்றிவிட்டது. அவ்வளவு விரைவாக அது நாடுகளிடையே பரவியது.

சிறுதேரின் அமைப்பு மிக எளியது. நான்கு சிறு சக்கரங்கள், குழாய்ச் சட்டம், தரையை ஒட்டிய இருக்கை, அதன் பக்கத்தே எஞ்சின். இவையே அதன் உறுப்புகள். மேற்கூரை இல்லை, அதிர்ச்சி தாங்கும் வில்லும் இல்லை. காரின் பின்சக்கரங்கள் திருப்பத்தில் வெவ்வேறு விரைவில் சுழல்வதற்குத் தனிப் பல்சக்கர அமைப்பு உண்டு. சிறுதேரிலோ இரு பின்சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்துள்ளன. ஆகவே திரும்பும்பொழுது உட்புறச் சக்கரம் தரையைவிட்டுச் சற்றே எழும்புமாறு வண்டியை அமைத்துள்ளனர். பாதையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் ஓட்டுவோன் உடலில் நேரே வந்து தாக்கும். தரைக்கு மிக அருகில் அமர்ந்திருப்பதால், நாற்பது கிலோமீட்டர் விரைவும் எண்பதாக அவனுக்குத் தோன்றும்.

புதிதாகப் பயில வரும் இளைஞன் ஒருவனது முதல் நாளை நோக்குவோர், மனித இயல்பை நன்கு அறியலாம். வாடகை வண்டியில் ஏறி அமருமுன் அவனுக்குத் தலைக்கவசமும் கையுறையும் தருவர். வலக்காலின் கீழ் விரைவுமிதி. இடக்காலின் கீழ் பிரேக். இரண்டையும் ஒருசேர மிதித்தல் ஆகாது என்று பயிற்சியாளர் எச்சரிப்பார். கொடிகளின் பொருளையும் சொல்லுவார். மஞ்சள் கொடி காட்டினால் முன்னே இடர் உண்டு; விரைவைக் குறைத்தல் வேண்டும்; எவரையும் முந்தலாகாது. நீலக்கொடி, பின்னால் விரைந்து வருவோனுக்கு வழிவிடுக என்பது. சிவப்பு, பந்தயம் நிறுத்தப்பட்டது என்பது. கறுப்பும் வெள்ளையும் கலந்த கட்டக்கொடி, ஓட்டம் முடிந்தது என்பது. இளைஞன் இவற்றைத் தலையசைத்துக் கேட்பான். ஆனால் அவன் மனம் விரைவுமிதியின் மேலேயே இருக்கும்.

ஓட்டம் தொடங்கியதும் அவன் வலக்காலை முழுதும் அழுத்துவான். முதல் திருப்பம் வரும். அச்சம் தோன்றும். திருப்பத்தின் நடுவே திடீரெனப் பிரேக்கை மிதிப்பான். பிரேக்கு பின்னச்சையே பிடிப்பதாகலின், பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து வழுக்கும்; வண்டி பம்பரம்போல் சுழன்று, வந்த திசையை நோக்கி நிற்கும். மற்றவர் அவனைக் கடந்து செல்வர். நாணத்தால் முகம் சிவந்து, இழந்ததை மீட்கவேண்டி முன்னினும் விரைந்து ஓட்டுவான், மீண்டும் சுழல்வான். இவ்வாறு சில சுற்றுகள் கழிந்த பின்னர் அவன் ஒன்றைக் கவனிப்பான். தன்னை எளிதாக முந்திச் செல்வோன் தன்னைவிட முன்னதாகவே பிரேக்கை மிதிக்கிறான். எனினும் முன்னே போகிறான்! அஃது எங்ஙனம்?

இதற்கு விடை கூறுவதே பயிற்சியாளரின் முதற்பாடம். திருப்பத்துக்கு முன்பே, வண்டி நேராகச் செல்லும்பொழுதே, விரைவைக் குறைத்துவிடல் வேண்டும். பாதையின் வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்பைத் தொட்டு, மீண்டும் வெளிவிளிம்பை நோக்கிச் செல்லுதல் வேண்டும். அவ்வாறு சென்றால் வளைவு அகலும், டயர்கள் பிடிப்பிழக்கமாட்டா. வண்டியின் முகம் நேரானதும் விரைவுமிதியை அழுத்தலாம். திருப்பத்தைவிட்டு வெளியேறும்பொழுது பெற்ற விரைவு, அடுத்துவரும் நேர்பாதை முழுதும் உடன்வரும். மெல்ல நுழைந்தவன் விரைவாக வெளியேறுகிறான். விரைந்து நுழைந்தவன் தடுமாறி நிற்கிறான். முட்டுக்கட்டையிடுவோரும் வண்டிச் சாரதியும் அறிந்திருந்த உண்மை இதுவே.

இரண்டாவது பாடம் பார்வையைப் பற்றியது. கற்போன் தன் முன்சக்கரத்தையே நோக்குவான். அல்லது தான் மோதிவிடுவோமோ என அஞ்சும் டயர்ச் சுவரை நோக்குவான். கண் சென்ற வழியே கை செல்லும். கை சென்ற வழியே வண்டி செல்லும். ஆகவே, அஞ்சும் இடத்தை நோக்காது, அடையவேண்டிய இடத்தை நோக்குக என்பர். மூன்றாவது பாடம் பொறுமை. ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் கருவி குறித்துக் காட்டும். ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பதற்கு ஒருவன் ஒரு நாள் முழுதும் முயல நேரிடும். அங்கே பொய்ப்பெருமைக்கு இடமில்லை. கருவி காட்டும் எண் எவர்க்கும் சலுகை தராது.

இவ்வாறு தொடங்கியோரே பின்னர் உலகப் புகழ் எய்தினர். பிரேசில் நாட்டு அயர்ட்டன் சென்னா நான்கு வயதில், புல்வெட்டும் கருவியின் எஞ்சின் பூட்டித் தந்தை அமைத்துக் கொடுத்த சிறுதேரில் பழகினார். மும்முறை உலக வாகையர் ஆனார். செர்மனி நாட்டு மைக்கேல் சூமாக்கரின் தந்தை கொத்துவேலை செய்தவர். கெர்ப்பன் என்னும் ஊரின் கார்ட் களத்தில் அவர் வண்டிகளைப் பழுதுபார்த்தார். அன்னை அங்கிருந்த சிற்றுண்டிச் சாலையில் பணியாற்றினார். பிறர் தேய்ந்ததெனக் கழித்த டயர்களைப் பூட்டி ஓட்டிய அச்சிறுவர், பின்னாளில் ஏழுமுறை உலக வாகை சூடினார். பொருட்செலவு மிக்க விளையாட்டில் எளிய குடும்பத்துப் பிள்ளையும் நுழைய வழிதிறந்தது உள்ளூர்க் களமே.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு வித்திட்டோரும் பொழுதுபோக்காக ஓட்டிய ஆர்வலரே. 1953-ஆம் ஆண்டில் சென்னையில் மோட்டார் விளையாட்டுச் சங்கம் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுதளத்தில் அச்சங்கத்தார் பந்தயங்கள் நடத்தினர். பிறகு, திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அவர்கள் அமைத்த பந்தயக்களம் 1990-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி காரின் எஞ்சினைக் கொண்டு, குறைந்த செலவில் இளைஞர் பழகத்தக்க பந்தயக்காரை உருவாக்கினார். 1995-ஆம் ஆண்டில் அவர் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பந்தயக்களம் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-ஆம் ஆண்டுமுதல் இருந்துவருகிறது.

கோவை நரேன் கார்த்திகேயன் தம் முதற்பந்தயத்தைத் திருப்பெரும்புதூர்க் களத்தில் ஓட்டியவர். 1992-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பந்தயப் பள்ளிக்குச் சென்று பயின்றார். 2005-ஆம் ஆண்டில் ‘ஃபார்முலா 1’ பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்னும் பெருமை பெற்றார். சென்னையில் பிறந்த கருண் சந்தோக் 2010-ஆம் ஆண்டில் அவரைத் தொடர்ந்தார். முதற்பந்தயத்துக்கும் உலகக்களத்துக்கும் இடையே நரேனுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தன. ஊரார் கைதட்டாத நாள்களில் செய்த பயிற்சியே அவரை அங்கே கொண்டு சேர்த்தது.

இனி, இவ்விளையாட்டை இளைஞர் அறியவேண்டுவதன் தலையாய காரணத்தைக் கூறுதல் வேண்டும். காசுமீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை மதுரையை ஒட்டிச் செல்கிறது. அகன்ற அச்சாலையைக் கண்டதும் இருசக்கர வண்டியேறும் இளைஞர் சிலர்க்குப் பந்தய ஆசை பிறக்கிறது. அங்கே மஞ்சள் கொடி காட்டுவார் இல்லை. டயர்ச் சுவர் இல்லை. எதிரே வருவோன் போட்டிக்கு வந்தவனும் அல்லன். அவன் சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்வோனாக இருக்கலாம். பள்ளிவிட்டு வீடு திரும்பும் சிறுமியாகவும் இருக்கலாம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிர் நீத்தனர். அவர்களுள் பத்தில் எழுவர் மாண்டது மிகுவிரைவினால் என அரசின் கணக்கு கூறுகிறது.

விரைவை விரும்புதல் குற்றமன்று. அஃது இளமையின் இயல்பு. காளைக்குக் களமும் கயிறும் இருப்பதுபோல், அவ்விருப்பத்துக்கும் களமும் கட்டுப்பாடும் வேண்டும். பயிற்சிக்களத்தில் பத்துமுறை சுழன்று நின்றவன், டயர் எப்பொழுது பிடிப்பிழக்கும் என்பதை உடலால் உணர்ந்தவன். வண்டியை நிறுத்துதற்கு எவ்வளவு தொலைவு வேண்டும் என்பதும் அவன் அறிவான். அத்தகையோன் சாலைக்கு வரும்பொழுது தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்வான். பிறரை முந்தவேண்டும் என்னும் வேட்கையைக் களத்திலேயே தீர்த்துக்கொண்டவனுக்குச் சாலையில் மெய்ப்பிக்க வேண்டுவது யாதும் இல்லை.

மாசி வீதி முனையில் தேர் திரும்பி முடிந்ததும், முட்டுக்கட்டை பிடித்தவர் அதனைத் தோளில் எடுத்துக்கொண்டு அடுத்த முனையை நோக்கி நடப்பார். அவரை எவரும் போற்றிப் பாடுவதில்லை. தேர் இடரின்றி நிலைக்கு வந்தது. இழுத்தவர் அனைவரும் நலமே வீடு திரும்பினர். அவருக்கு அதுவே வெற்றி.