கோலாலம்பூரில் அத்தையும் நானும்

“மலேயாவுக்கா? நான் வரலே தாயி. போனவுக திரும்பி வராத ஊரு அது!”

என் மாமியார் இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோலாலம்பூரில் இருக்கும் என் நாத்தனார்தான், “அண்ணி, கோடை லீவுக்கு அம்மாவையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வாங்க” என்று போனில் கூப்பிட்டிருந்தாள். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. திண்டுக்கல்லை விட்டால் பழனி, மதுரை என்று மட்டுமே பழகிய நானும், எழுபதை நெருங்கும் அத்தையும், நாலு வயதுக் குழந்தையும் தனியாக விமானம் ஏறுவதா என்று எனக்கே உதறல்தான். ஆனால் அத்தையின் மறுப்புக்குக் காரணம் பயமல்ல என்பது அன்றிரவுதான் தெரிந்தது.

அத்தையின் அம்மாச்சிக்கு வேடசந்தூர் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். மழை பொய்த்துப் போன 1936-ம் வருஷம், கங்காணி பேச்சைக் கேட்டு, அம்மாச்சியின் கணவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறியிருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பாலெடுக்கும் வேலை. கைக்குழந்தையோடு அம்மாச்சி ஊரிலேயே இருந்துவிட்டார். மாதாமாதம் இல்லாவிட்டாலும் கடிதாசியும் பணமும் வந்து கொண்டிருந்தன. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலேயாவில் இறங்கினான். அதோடு கடிதாசி நின்றது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்று ஒரு தகவலும் இல்லை.

“துக்கம் கேக்க வந்தவுகளை, ‘யாரு செத்துப்போனா?’ன்னு கேட்டு வாசலோட அனுப்பிச்சிருச்சாம் எங்க அம்மாச்சி. 1978-ல அது சாகிறவரைக்கும் பொட்டும் தாலியும் எடுக்கலே. ஊரு என்னென்னமோ பேசுச்சு” என்றார் அத்தை.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது அவரே, “பாஸ்போர்ட் எடுக்க மதுரைக்குத்தான் போகணுமா?” என்று கேட்டார். 2024 மே மாதம் நாங்கள் மூவரும் புறப்பட்டோம்.

புறப்படும் முன்...

நம் பக்கத்துக்காரர்களுக்குத் திருச்சிதான் வசதி. திண்டுக்கல்லிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம். நாலு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாட்கள் வரை விசா இல்லாமல் போய்வரச் சலுகை தந்திருக்கிறார்கள். இது காலக்கெடுவுள்ள சலுகை. ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை விசாரித்துக் கொள்ளுங்கள். விசா வேண்டாமென்றாலும், அங்கே போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை பூர்த்தி செய்ய வேண்டும். குழந்தைக்கும் தனியாக உண்டு. இது இலவசம்தான்.

பெட்டி கட்டும்போது சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு வைக்க ஆசைப்பட்டேன். பழம், செடி, இறைச்சி போன்றவற்றுக்கு அங்கே கட்டுப்பாடு அதிகம் என்று நாத்தனார் தடுத்துவிட்டாள். பெட்டிக்கு மட்டும் நம் ஊர்ப் பூட்டு ஒன்று போட்டுக் கொண்டேன்!

தெரிந்தவர் ஒருவர், “என் தம்பி பையன்கிட்டே இதைக் கொடுத்துடும்மா” என்று ஒட்டிய பார்சல் ஒன்றைக் கொண்டு வந்தார். உள்ளே இருப்பதைப் பிரித்துக் காட்டினால் எடுத்துப் போகிறேன் என்றேன். அவருக்கு வருத்தம்தான். என்ன செய்வது? போதைப் பொருள் விஷயத்தில் அந்த நாட்டுச் சட்டம் தூக்குத் தண்டனை வரைக்கும் போகும். நம் பெட்டியில் இருப்பதற்கு நாம்தானே பொறுப்பு, சகோதரிகளே!

அத்தையின் சர்க்கரை மாத்திரையையும் முட்டிவலி மாத்திரையையும் டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்துக் கொண்டேன். குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், காய்ச்சல் மருந்து, மாற்றுடை ஒன்று, ஒரு ஸ்வெட்டர். வெளியே நம் ஊர் மாதிரியே வெயில். ஆனால் பஸ்ஸிலும் கடைகளிலும் ஏ.ஸி. குளிர் எலும்பில் ஏறுகிறது. மூன்று தட்டைக் கம்பி செருகும் பிளக்குதான் அங்கே. அதற்கேற்ற அடாப்டர் ஒன்று எடுத்துப் போனால் செல்போன் பட்டினி கிடக்காது.

ஊர் எப்படி?

விமானத்திலிருந்து இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும். விமான நிலையம் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. விரைவு ரயிலில் அரை மணி நேரம். பஸ்ஸில் ஒரு மணிக்கு மேல் ஆகும், ஆனால் கட்டணம் குறைவு. நாங்கள் பஸ்தான். ரிங்கிட் ஒன்றுக்கு அப்போது சுமார் 18 ரூபாய் என்பதை மனதில் பெருக்கிப் பெருக்கியே எனக்குப் பாதி ஊர் சுற்றும் உற்சாகம் போய்விட்டது!

கோலாலம்பூர் என்றால் ‘சேறு கலக்கும் முகத்துவாரம்’ என்று பொருளாம். கிள்ளான், கொம்பாக் என்று இரண்டு ஆறுகள் கலக்கும் இடம். அந்தக் கூடுமுகத்தில் 1909-ல் கட்டிய மஸ்ஜித் ஜாமிக் பள்ளிவாசல் சிவப்பும் வெள்ளையுமாக அழகாக நிற்கிறது. சற்று நடந்தால் மெர்டேக்கா சதுக்கம். 1957 ஆகஸ்ட் 31 பிறந்த நள்ளிரவில் ஆங்கிலேயர் கொடியை இறக்கிய மைதானம் இது. மிக உயரமான கொடிக்கம்பம் ஒன்று நட்டிருக்கிறார்கள். இவற்றைக் காலை பத்து மணிக்குள் பார்த்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் திடீரென்று கொட்டும் மழைக்குக் குடை எப்போதும் கையில் இருக்கட்டும்.

இரட்டைக் கோபுரத்தைச் சொல்லாமல் முடியுமா? 88 மாடி, 452 மீட்டர் உயரம். 1998 முதல் சில வருஷம் உலகிலேயே உயரமான கட்டடமாக இருந்தது. 2004-ல் தைவானில் ஒன்று அதைத் தாண்டிவிட்டது. 41, 42-வது மாடிகளில் இரண்டையும் இணைக்கும் பாலம் இருக்கிறது. மேலே போக முன்பதிவு செய்துகொள்வது நல்லது, திங்கட்கிழமை விடுமுறை. நாங்கள் ஏறவில்லை. கோபுரத்தின் காலடியில் உள்ள பூங்காவில் குழந்தைகள் இறங்கி விளையாட ஆழமில்லாத நீர்த்தொட்டி இருக்கிறது. காசு கிடையாது. என் மகள் அங்கிருந்து எழுந்து வர மறுத்துவிட்டாள். துண்டும் மாற்றுடையும் எடுத்துப் போங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் விளக்கொளியில் நீரூற்று ஆடுவதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

நகருக்குள் சுற்ற ரயில் போதும். பணம் ஏற்றிக் கொள்ளும் அட்டை ஒன்று வாங்கினால் ஒவ்வொரு முறையும் சில்லறை தேட வேண்டாம். புறநகர் ரயிலில் 2010 முதல் நடுவில் உள்ள பெட்டிகளைப் பெண்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். இளஞ்சிவப்பு அடையாளம் இருக்கும். எங்களைப் போலத் தனியாகப் போகிறவர்களுக்கு நிம்மதி. குழந்தையின் பாக்கெட்டில் பெயர், போன் நம்பர் எழுதிய சீட்டு கட்டாயம் இருக்கட்டும். அவசரத்துக்கு 999.

சாப்பாடு

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸ். 2010-லிருந்து ‘லிட்டில் இந்தியா’ என்றே அதை அலங்கரித்திருக்கிறார்கள். மல்லிகைச் சரம், மஞ்சள் கிழங்கு, வெற்றிலை, சுடச்சுடத் தோசை, வாழையிலைச் சாப்பாடு, காதுக்குத் தமிழ்... “இது என்ன தாயி, நம்ம மெயின்ரோடு மாதிரியில்ல இருக்கு!” என்றார் அத்தை.

வெளியே சாப்பிடும் சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘நாசி லெமாக்’ என்று தேங்காய்ப்பால் சாதம் தருவார்கள். வாசனை ஆளைத் தூக்கும். ஆனால் கூட வரும் சம்பலில் நெத்திலிக் கருவாடு இருக்கும். காய்கறிப் பதார்த்தத்தில்கூட இறால் விழுது சேர்ப்பதுண்டு. கேட்டுச் சாப்பிடுங்கள். நாலைந்து மலாய் வார்த்தைகள் போதும். ‘ஈக்கான்’ மீன், ‘ஆயாம்’ கோழி, ‘தெலூர்’ முட்டை, ‘சூசு’ பால். குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமா? ‘ஆயெர் சுவாம்’. விலை கேட்க ‘பெராப்பா?’. கழிப்பறை ‘தண்டாஸ்’, சில இடங்களில் காசு உண்டு, சில்லறை வைத்துக் கொள்ளுங்கள். நன்றிக்கு ‘தெரிமா காசே’. கடைக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? ‘கெடாய்’! கப்பலுக்குக் ‘கப்பால்’! நம்மவர்கள் எப்போதோ கொண்டுபோய் விதைத்த வார்த்தைகள்.

தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து பாட்டிலில் எடுத்துப் போனோம். பகலிலும் கொசு கடிக்கிறது. டெங்கு அங்கேயும் உண்டு. குழந்தைக்கு முழுக்கைச் சட்டையும் கொசு மருந்தும் தேவை. சில வருஷங்களில் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை சுமத்ராவில் காடு எரியும் புகை இங்கே வந்து மூடிக் கொள்ளும். வீஸிங் உள்ள குழந்தையானால் அந்த மாதங்களைத் தவிர்க்கலாம். உடுத்த நான் கொண்டு போனது நம் சின்னாளபட்டிச் சுங்குடி. அந்தப் புழுக்கத்துக்கு அதைவிடச் சுகமானது வேறில்லை!

பத்துமலை

சென்ட்ரலிலிருந்து புறநகர் ரயில் பத்துமலை வாசலிலேயே கொண்டுபோய் விடுகிறது. சுண்ணாம்புக்கல் மலை, அதில் மாளிகை போல் குகை. வேல் போன்ற குகை வாயிலைக் கண்டு, 1891 வாக்கில் தம்புசாமிப் பிள்ளை அங்கே முருகனை ஸ்தாபித்தார். 1892 முதல் தைப்பூசம் நடக்கிறது. வாசலில் 140 அடி உயரப் பொன்னிற முருகன், 2006-ல் நிறுவியது. உச்சிக்கு 272 படிகள். 2018-லிருந்து அவற்றுக்கு வானவில் வர்ணம்.

முட்டி தெரியும் உடைக்கு மேலே அனுமதியில்லை. ஏறுவதானால் காலை எட்டு மணிக்குள் வெயிலுக்கு முன் ஏறுங்கள். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்கு பறித்துவிடும். என் மகளின் பிஸ்கட் பாக்கெட் போயே போய்விட்டது!

“பழனியிலேயே எனக்கு விஞ்சுதான். இங்க விஞ்சு இருக்கா?” என்று கேட்டார் அத்தை. நாங்கள் போனபோது படியைத் தவிர வேறு வழியில்லை. கீழேயே சந்நிதிகள் இருக்கின்றன. முட்டிவலிக்காரர்கள் அங்கேயே கும்பிட்டுக் கொள்ளலாம். அத்தையை ஒரு பூக்கடை ஓரம் உட்கார வைத்துவிட்டு நானும் மகளும் ஏறி இறங்கி வந்தோம்.

வந்து பார்த்தால், கடைக்காரப் பெண்ணின் தாயார், எண்பது வயது தாண்டிய மூதாட்டி ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பாட்டி தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அவர் அப்பாவை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போனார்களாம். 1942, 43-ல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பட்டினியிலும் அங்கே மடிந்த தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர். பெரும்பாலோருக்குக் கல்லறை கிடையாது. பெயர்ப் பட்டியலும் இல்லை.

“எங்கப்பாவும் வரலே. உங்க தாத்தாவும் அதுலே போனாரோ என்னவோ, யாரு கண்டா? மாரியம்மன் கோயிலுக்குப் போயி பேரைச் சொல்லிட்டு வாங்க. அந்தக் காலத்துத் தோட்டத்து ஜனம் டவுனுக்கு வந்தா, அந்தக் கோயிலுக்குப் போகாம திரும்பாது” என்றார் பாட்டி.

அந்த அர்ச்சனை

ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் 1873-ல் தோன்றியது. தைப்பூசத்துக்கு முருகன் வெள்ளி ரதத்தில் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்துதான். செருப்பை வெளியே கொடுத்துவிட்டு உள்ளே போனோம். புறப்படுவதற்கு முந்தின நாள் அது.

அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள், “பேரு, நட்சத்திரம்?” என்றார்.

அத்தை தாத்தாவின் பெயரைச் சொன்னார். நட்சத்திரம் தெரியவில்லை.

“இருக்காரா அவர்?”

அர்ச்சனை இருப்பவர்களுக்குத்தானே செய்வது? போனவர்களுக்கென்றால் மோட்ச தீபம். எனக்குத் திக்கென்றது. அம்மாச்சி ஆயுசு முழுக்கப் பதில் சொல்ல மறுத்த கேள்வி அல்லவா அது!

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “தெரியாது சாமி. 1936-ல வந்தாரு” என்றார்.

குருக்கள் அவரை நிமிர்ந்து பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. “அப்போ சாமி பேருக்கே பண்ணிடறேம்மா” என்று உள்ளே போனார். மணி அடித்தது. அத்தை அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. கொடுத்த குங்குமத்தில் நெற்றிக்கு வைத்தது போக மீதியைக் காகிதத்தில் மடித்து, சுருக்குப் பையில் பத்திரப்படுத்திக் கொண்டார்.

திண்டுக்கல் வந்து சேர்ந்த அன்று, பெட்டிகூடத் திறக்கவில்லை. குளித்துவிட்டு, கூடத்தில் மாட்டியிருக்கும் அம்மாச்சியின் பழைய படத்தைக் கழற்றித் துடைத்து, அந்தக் குங்குமத்தை நெற்றியில் வைத்தார் அத்தை. “உம் புருஷன் ஊரு குங்குமம்” என்று மட்டும் சொன்னார்.

தாத்தா கப்பலில் போக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகியிருக்கும். நமக்கு நாலு மணி நேரம். நீங்களும் கோலாலம்பூர் போனால் கோபுரத்தையும் கடைகளையும் பாருங்கள். உங்கள் வீட்டிலும் அந்தக் காலத்தில் கப்பலேறியவர் யாராவது இருந்தால், புறப்படும் முன் பெரியவர்களிடம் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக் கொண்டு போங்கள். முடிந்தால் நட்சத்திரத்தையும்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரம்மா மலேசியா டிக்கெட் விலை விசாரித்தால், அத்தைதான் முந்திக் கொண்டு பதில் சொல்கிறார்: “போயிட்டு வா தாயி. பக்கந்தான். ஸ்வெட்டரு மட்டும் எடுத்துக்க!”