தோணிக்குள் ஏறிய தண்ணீரும் இரண்டு மூட்டைப் பஞ்சும்

கடையில் சட்டைத் துணி எடுத்து வந்தால், ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியால் கொளுத்திப் பார்ப்பது என் பழைய வழக்கம். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும். சாம்பல் விரல் பட்டதும் பொடிந்துவிடும். பாலியஸ்டர் கலந்திருந்தால் சுருங்கி, உருகி, நுனியில் கறுப்பாக ஒரு கெட்டி மணி நிற்கும். "நெருப்பெரிச்சல்காரருக்கு நெருப்பில்லாம துணி எடுக்கத் தெரியாது" என்று வீட்டில் கேலி செய்வார்கள். போன வாரம் பேரன் கேட்டான்: "லேபிள்லயே போட்டிருக்குதே தாத்தா, அப்புறம் எதுக்கு இது?" அப்போது ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். உண்மையான பதில் தூத்துக்குடியில் இருக்கிறது.

1986ஆம் வருடம். திருப்பூரில் ஒரு வேஸ்ட் குடோனில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மில்களில் கழிகிற பஞ்சை வாங்கித் தரம் பிரித்து, மூட்டை கட்டி விற்கிற வியாபாரம். முதலாளியின் சம்பந்தி தூத்துக்குடியில் கடை வைத்திருந்தார். அவர் மூலமாகத் தோணிக்காரர்கள் எங்களிடம் பஞ்சு வாங்குவார்கள். தோணிக்கும் பஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கும் அங்கே போகும் வரை தெரியாது.

தோணி என்றால் ஆற்றில் போகும் சின்னப் படகு என்று நினைத்துவிட வேண்டாம். பழைய துறைமுகத்தில் நின்றவை நூறு டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றி, பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்த மரக்கப்பல்கள். பலகைக்குப் பலகை இணைப்பில் இடைவெளி இருக்கும். அதில் எண்ணெயில் தோய்த்த பஞ்சைத் திரியாக உருட்டி வைத்து, உளியும் கொட்டாப்புளியுமாக அடித்து இறக்குவார்கள். அதன்மேல் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். இந்த வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். தோணி கட்டுகிற தச்சருக்கு ஓடாவி என்று பெயர்.

அந்த ஆனி மாதம் ஒரு தோணிக்காக நான்கு மூட்டை அனுப்ப வேண்டியிருந்தது. நல்ல பஞ்சு இரண்டு மூட்டைதான் இருந்தது. மீதி இரண்டும் பாலியஸ்டர் கலந்து நூற்கிற மில்லில் கழிந்தது. நான் தயங்கியதைப் பார்த்து முதலாளி சொன்னார்: "கடலுக்குள்ள போறதை எவன் பிரிச்சுப் பார்க்கப் போறான்? சுத்தப் பருத்தின்னு எழுதுப்பா." எழுதினேன். என் கையெழுத்தில்தான் பில் போயிற்று.

இரண்டு மாதம் கழித்துப் பாக்கிப் பணம் வாங்க என்னை அனுப்பினார்கள். கடைக்காரர், "தோணிக்காரர் கையில இப்பப் பணம் இல்ல. தோணி கடல்ல இறங்கியும் சரக்கு ஏத்த முடியல. நீங்களே போய்ப் பேசிப் பாருங்க" என்றார். போனேன்.

தண்டல், அதாவது தோணியின் கேப்டன், அறுபது வயதுக்காரர். பணம் கேட்க வந்தவன் என்று தெரிந்தும் என்னை மேலே ஏற்றி டீ கொடுத்தார். பிறகு ஒரு ஏணி வழியாக அடிவயிற்றுக்குக் கூட்டிப் போனார். இருட்டு, எண்ணெய் வாடை, மீன் வாடை. ஏராவுக்கு மேலே, வங்குக்கால்களுக்கு நடுவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. கையில் கொஞ்சம் அள்ளி நீட்டினார்.

"நாக்குல வச்சுப் பாரு தம்பி."

வைத்தேன். உப்பு.

"இனிச்சா மழைத்தண்ணி. தட்டு ஒழுகுதுன்னு அர்த்தம். அது மரத்தை உளுக்க வச்சிரும்; உப்புத்தண்ணி அப்படி உளுக்க விடாது. ஆனா உப்புன்னா கீழ எங்கயோ கடல் உள்ள வருதுன்னு அர்த்தம்."

தண்ணீர் ஏறுவதே அதிசயமில்லை என்றும் அவர் சொன்னார். காற்றுக் காலத்தில் கரையேற்றி வைத்த தோணியின் பலகைகள் வெயிலில் காய்ந்து சுருங்கியிருக்கும். கடலில் இறக்கியதும் எல்லா இணைப்பிலும் தண்ணீர் கசியும். இரண்டு மூன்று நாளில் பலகை ஊறிப் புடைக்கும், உள்ளே இருக்கிற பஞ்சும் ஊறிப் புடைக்கும். இரண்டும் சேர்ந்து வழியை அடைத்துவிடும். அதனால் கலப்பத்தை ஒரேயடியாக இறுக்கி அடிக்கவும் கூடாது. மரம் ஊறும்போது இடம் இல்லாமல் ஆணி தெறித்துவிடும். அதற்குப் பிறகும் நாலு வாளி, பத்து வாளி தினமும் சேரும். பழைய தோணிக்கு அது சகஜம்.

பாய்மரத்தின் அடியில் ஒரு வங்குக்காலில் சுண்ணாம்புக் கட்டியால் கோடுகள் இழுத்திருந்தார். தினமும் இறைப்பதற்கு முன் காலையில் தண்ணீர் நின்ற மட்டம். முதல் மூன்று கோடுகள் மேலே இருந்தன. அடுத்தடுத்துக் கீழே இறங்கியிருக்க வேண்டிய கோடுகள் ஏறக்குறைய அதே உயரத்தில் வரிசையாக நின்றன. எண்ணினேன், பதினான்கு.

"ஊறுனா நிக்கணும். நிக்கல. புழு அரிச்சிருக்கான்னு பார்த்தாச்சு. ஆணித் துவாரம் பார்த்தாச்சு. சுக்கான் பக்கம் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்ல. வலப்பக்கம் பூரா ஏதோ வேர்க்கிற மாதிரி கசியுது."

வலப்பக்கம் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. ஒரு பக்கத்துக்கு இரண்டு மூட்டை.

பஞ்சுத் தொழிலில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. காற்றிலிருக்கிற ஈரத்தை மட்டுமே பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் வரை பிடித்து வைக்கும் என்று கணக்கு, பாலியஸ்டருக்கு 0.4 சதவீதம். தண்ணீரில் போட்டாலும் அந்த இழை புடைப்பதில்லை. எண்ணெயில் தோய்த்தபின் இரண்டும் ஒரே நிறம், ஒரே வழவழப்பு. இணைப்புக்குள் போனபின் ஒன்று அடைக்கும், மற்றது சும்மா கிடக்கும்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பணம் வாங்காமல் போனால் முதலாளி என்ன சொல்வார் என்றுதான் மனது கணக்குப் போட்டது. பொழுது சாய்ந்து, கடைசி பஸ்ஸும் போய்விட்டது. "இங்கயே படு தம்பி" என்றார் தண்டல்.

இரவு முழுவதும் வாளிச் சத்தம். அடியில் நின்று ஒருவர் அள்ளிக் கொடுக்க, மேலே ஒருவர் வாங்கிக் கடலில் கொட்டினார்கள். உள்ளே தண்ணீர் விட்டுவைத்தால் தோணி சாயும்போது அத்தனையும் அதே பக்கம் ஓடி இன்னும் சாய்த்துவிடுமாம். தண்டல் தூங்காமல் உட்கார்ந்து பழைய கதை பேசினார். வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பேர் மாற்றினார். அது வல்வெட்டித்துறை ஆட்களோடு அட்லாண்டிக் தாண்டி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்ததாம். பிற்காலத்தில் படித்துப் பார்த்தேன், நடந்த கதைதான். "அதுவும் பலகைக் கப்பல்தான். இணைப்பு நல்லா இருந்தா எங்க வேணாலும் போலாம்" என்றார்.

அடியில் அள்ளிக்கொண்டிருந்த பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும். முறை மாறி மேலே வந்தவன் அரிக்கேன் விளக்கருகில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். இரண்டு கையிலும் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. அதில் உப்புத் தண்ணீர். அவன் ஒன்றும் சொல்லவில்லை, ஊதிக்கொண்டான். பிறகு துணியைச் சுற்றிக்கொண்டு தூங்கப் போனான்.

விடிந்ததும் ஓடாவி வந்தார். அவரிடம் மிச்சப் பஞ்சு இருக்கிறதா என்று கேட்டேன். சாக்கைக் கொண்டுவந்தார். ஒரு சிட்டிகை பிய்த்துத் திரித்து, தண்டலின் தீப்பெட்டியை வாங்கிக் கொளுத்தினேன். உருகியது. கறுப்பு மணியை ஓடாவியின் கையில் வைத்தேன். "பில் எழுதினது நான்தானுங்க" என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.

ஓடாவி அதை விரலில் உருட்டிக்கொண்டே நின்றார். "அடிக்கும்போதே கை சந்தேகப்பட்டுச்சு. திருப்பூர்ப் பஞ்சுதானேன்னு விட்டுட்டேன்" என்றார். அவர் என்னை அடித்திருந்தால் தேவலை.

தண்டல் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். தூங்கிக்கொண்டிருந்த பையனை மட்டும் காட்டினார். "நேத்து வந்ததுமே சொல்லியிருந்தா ராத்திரி இவன் தூங்கியிருப்பான்" என்றார்.

பணத்தைப் பற்றி நான் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை. தோணியை மறுபடி கரையேற்றி, வலப்பக்கம் முழுக்கப் பிரித்துக் கலப்பத்து அடிக்க வேண்டியதாயிற்று. ஊருக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். முதலாளி நல்ல பஞ்சு இரண்டு மூட்டை அனுப்பினார். அதன் விலையை என் சம்பளத்தில் பிடித்தார். தீபாவளியோடு அந்த வேலையை விட்டு ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். நேர்மைக்காக விட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த பில் புத்தகத்தைத் தொடவே கை கூசியது என்பதுதான் நிஜம்.

கார்த்திகையில் கடைக்காரர் ஒரு கார்டு போட்டிருந்தார். தோணி கொழும்பு போய்த் திரும்பிவிட்டது, தண்ணீர் தினம் எட்டு வாளிதான், தண்டல் உங்களிடம் சொல்லச் சொன்னார் என்று எழுதியிருந்தது. அந்த எட்டு வாளியைப் படித்தபோது எனக்கு வந்த நிம்மதியை என் மனைவியிடம்கூட அன்று சொல்லவில்லை.

இப்போது நம் ஊரிலேயே பாலியஸ்டர் பனியன் லட்சக்கணக்கில் ஓடுகிறது. அந்த நூலின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. விளையாட்டுச் சட்டைக்கு அதுதான் சரி. பில்லில் அதன் பேரை எழுதினால் போதும்.

நாளைக்குப் பேரன் வருகிறான். தீப்பெட்டியும் ஒரு நூல்கண்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.