பைனாகுலருக்கு இரண்டு லட்சமா?



இந்த மலரைப் புரட்டினால் பத்துப் பக்கத்துக்கு ஒரு காதல் கவிதை கட்டாயம் இருக்கும். மெக்கானிக்கல் பிரிவுக்காரனிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். நான் எழுதப்போவது பைனாகுலரைப் பற்றி. அதிலும் வேட்டைக்காரர்கள் வாங்குகிற உயர்ந்த ரகத்தைப் பற்றி. "நமக்கும் வேட்டைக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் ரூ.20,000!

நம் மாணவர் சங்கம் இயற்கை மன்றத்துக்கு ஒதுக்கிய தொகை அது. பறவை பார்க்க பைனாகுலர் வாங்க வேண்டும். நம் எல்லோருடைய சந்தாப் பணம் என்பதால் மன்றத்துக்குள்ளே மூன்று கட்சிகள் உண்டாகிவிட்டன. மலிவு விலையில் பத்து வாங்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடலாம் என்பது முதல் கட்சி. "ஒண்ணு வாங்கினாலும் உசத்தியா வாங்கணும்டா" என்பது இரண்டாவது. மூன்றாவது கட்சி, எதை வாங்கினாலும் சரி, போய்வருகிற வழியில் டீ வாங்கிக் கொடுத்தால் போதும் என்றது. கடையில் விசாரித்தால், "ஹன்டிங் மாடல்னு ஒண்ணு இருக்கு தம்பி, அதுதான் டாப்பு" என்கிறார்கள். அந்த வகையில் உச்சியில் இருக்கிற ஆஸ்திரிய, ஜெர்மன் சரக்கின் விலை இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. அந்தக் காசுக்கு நல்ல மோட்டார் சைக்கிள் வரும். இரண்டு குழாயும் நாலு கண்ணாடியும் சேர்ந்து மோட்டார் சைக்கிள் விலையா? எங்கேதான் போகிறது அந்தப் பணம்? விசாரிக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் வேட்டை விவகாரம். நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சே கிடையாது. ஆனால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அது பரீட்சை எழுதி, உரிமம் வாங்கிச் செய்கிற காரியம். வயலும் காடும் சேருகிற ஓரத்தில் பரண் கட்டி (நம்ம ஊர் சோளக்கொல்லைப் பரண் மாதிரியேதான்) அதிகாலையிலும் அந்தியிலும் உட்கார்ந்திருப்பார்கள். மானும் காட்டுப்பன்றியும் வெளியே வருகிற நேரம் அதுதான். அந்நாட்டுக் கூட்டாட்சி வேட்டைச் சட்டம், சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழிந்தபின் தொடங்கி, மறுநாள் உதயத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வரை இருப்பதை 'இரவு' என்கிறது. அந்த இரவில் குளம்புள்ள விலங்குகளைச் சுடக்கூடாது. காட்டுப்பன்றிக்கு மட்டும் விலக்கு. குட்டிகளை வளர்த்துக்கொண்டிருக்கிற தாய் விலங்கைச் சுட்டால் தண்டனைக்குரிய குற்றம்.

இப்போது அந்தப் பரணில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கருக்கல் நேரம். நூறு மீட்டரில் ஒரு கறுப்பு உருவம். பன்றிதான். ஆனால் ஆணா, பெண்ணா? பெண் என்றால், புல்லுக்குள் பின்னால் குட்டிகள் வருகிறதா? துப்பாக்கியிலும் தொலைநோக்கி உண்டு என்றாலும், அதை வைத்துத் தேடினால் என்னவென்றே தெரியாத ஒன்றின் மேல் துப்பாக்கியை நீட்டுகிறோம் என்று அர்த்தம். புதருக்குப் பின்னால் இருப்பது மனிதனாகவும் இருக்கலாம் இல்லையா? ஆகவே முதலில் பைனாகுலர், சந்தேகம் முழுதாகத் தீர்ந்தபின்தான் துப்பாக்கி. 'ஹன்டிங் பைனாகுலர்' என்ற ஜாதியே இந்த அரைமணி, முக்கால்மணி நேர மங்கல் வெளிச்சத்துக்காகப் பிறந்தது. பச்சை, பழுப்புத் திட்டுத் திட்டாகப் பெயின்ட் அடித்துவிட்டால் அது ஹன்டிங் மாடல் ஆகிவிடாது.

அந்த மங்கலில் எது உதவும்? பைனாகுலர் மேல் 8×42 என்று போட்டிருப்பார்கள். 8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண் வைக்கிற பக்கம் வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8×42-க்கு 5.25 மி.மீ. 8×56-க்கு 7 மி.மீ. சட்டைப் பையில் வைக்கிற 10×25-க்கு 2.5 மி.மீ.தான். நம் கண்பாவை நல்ல வெயிலில் 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கும், இருட்டில் இளவயதுக்காரர்களுக்கு 7 மி.மீ. வரை விரியும். அதனால் பகலில் மூன்று பைனாகுலரும் ஒரே வெளிச்சம் காட்டும். கருக்கலில்தான் சாயம் வெளுக்கும். ஐரோப்பிய வேட்டைக்காரர் கையில் 8×56 என்ற ஒரு கிலோவுக்கு மேற்பட்ட குண்டாந்தடி இருப்பதற்குக் காரணம் இதுதான். வயதாக ஆகப் பாவை அவ்வளவு விரியாது, ஐம்பதுக்கு மேல் 5 மி.மீ. விரிந்தாலே பெரிய விஷயம். பாவை விரிகிற வயதில் பர்ஸ் விரிவதில்லை. பர்ஸ் விரிகிற வயதில் பாவை விரிவதில்லை!

விளம்பரங்களில் 'ட்விலைட் ஃபாக்டர்' என்று ஓர் எண் போடுவார்கள். உருப்பெருக்கத்தையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது. 8×56-க்கு 21.2. எண் பெரிதாக இருந்தால் கருக்கலில் நல்லது என்று அர்த்தமாம். சரி, 16×28 என்று ஒன்று இருந்தால்? அதற்கும் அதே 21.2! ஆனால் வெளிவரும் ஒளிக்கற்றை 1.75 மி.மீ. அந்தியில் அதை வைத்துப் பன்றியை அல்ல, யானையைக்கூடத் தேட முடியாது. சூத்திரத்தில் போட்டு விடை வந்துவிட்டது என்பதற்காக நம்பிவிடக்கூடாது என்பதற்கு நல்ல உதாரணம்.

அடுத்தது கண்ணாடிப் பூச்சு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே பத்துப் பரப்பு இருந்தால் கடைசியில் மிஞ்சுவது 66 விழுக்காடு. 1935-இல் ஜெய்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். இன்றைய பலபடலப் பூச்சில் ஒரு பரப்பின் இழப்பு அரை விழுக்காட்டுக்கும் கீழே. நடுத்தர விலைக்கே மொத்தம் 85 விழுக்காடு தேறும். உச்ச விலைக்கு 90-க்கு மேல். இந்த வித்தியாசத்தைப் பகலில் கண் உணர்வதுகூடக் கஷ்டம். ஆனால் பாவை நன்கு விரிந்த இருட்டில், 8×32-க்குப் பதில் 8×56 பிடித்தால் மும்மடங்கு ஒளி. அதாவது வெறும் வெளிச்சம்தான் வேண்டுமென்றால் லட்சங்கள் வேண்டாம், பெரிய லென்ஸ் போதும்!

அப்படியானால் இரண்டு லட்சம் எதற்கு? விடை நம் மெட்ராலஜி லேபில் இருக்கிறது.

பைனாகுலருக்குள் தலைகீழ்ப் பிம்பத்தை நேராக்கப் பட்டகங்கள் உண்டு. அதில் இரண்டு குடும்பம். ஒன்று, இத்தாலிக்காரர் போரோ 1854-இல் உரிமை பெற்றது. குழாய் நடுவில் ஒடிந்து தோள் அகன்றிருக்கும், பழைய சினிமாவில் ராணுவ அதிகாரி வைத்திருப்பாரே, அது. மற்றது 'ரூஃப் பிரிசம்', குழாய் நேராக, ஒல்லியாக, அழகாக இருக்கும். இந்த அழகுக்குத்தான் விலை. அதில் கூரை போலச் சேரும் இரண்டு பரப்புக்கு நடுவே கோணம் சரியாக 90 பாகை இருக்க வேண்டும். பிழை சில விநாடிகளுக்கு மேல் போகக்கூடாது. விநாடி என்றால் பாகையில் 3600-இல் ஒரு பங்கு. நாம் வைவாவுக்குப் பயந்து பயந்து பிடிக்கிற வேர்னியர் பெவல் புரோட்ராக்டரின் மீச்சிற்றளவு 5 நிமிடம், அதாவது 300 விநாடி! அதைத் தாண்டினாலும், கூரையின் இரு பக்கமும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் கட்டம் மாறிப்போய் ஒன்றையொன்று கெடுத்துப் பிம்பத்தை மழுக்கும். 1988-இல் ஜெய்ஸ் இதற்கென ஒரு தனிப் பூச்சைக் கொண்டுவந்த பிறகுதான் ரூஃப் ரகம் போரோவுக்குச் சமமாக நின்றது. அதுவும் போதாமல், பெரும்பாலான ரூஃப் பட்டகங்களில் ஒரு பரப்புக்குக் கண்ணாடி ரசம் பூச வேண்டும். அலுமினியம் பூசினால் மலிவு, ஒளி குறைவு. வெள்ளி அதைவிட நல்லது. உச்ச ரகத்தில் பூசுகிற பலபடலப் பூச்சு 99 விழுக்காட்டுக்கு மேல் திருப்பும்.

இன்னும் இருக்கிறது. இரண்டு குழாயும் இணையாக நிற்க வேண்டும், கீழே விழுந்து எழுந்த பிறகும் நிற்க வேண்டும். ஃபோகஸ் சக்கரத்தில் பேக்லாஷ் கூடாது (நம்ம வொர்க்‌ஷாப் லேத்தின் கைப்பிடியை நினைத்துக்கொண்டு சிரிக்காதீர்கள்). மழை உள்ளே போகக்கூடாது, நைட்ரஜன் வெளியே வரக்கூடாது. ஓரம் வரை பிம்பம் கூர்மையாக இருக்க வேண்டும். டாலரன்ஸ் இறுக இறுகச் செலவு எப்படி ஏறும் என்று வகுப்பில் ஒரு வளைகோடு வரைந்தார்களே, அதேதான். டர்னிங்கில் வருவதைக் கிரைண்டிங்குக்கும், அதை லேப்பிங்குக்கும் கொண்டுபோனால் அளவில் சில மைக்ரான்தான் மாறும், பில்லோ பல மடங்காகும். 1949-இல் தொடங்கிய ஆஸ்திரியாவின் அப்சாம் ஊர் ஸ்வரோவ்ஸ்கி ஆப்டிக்கும், ஜெர்மனியின் வெட்ஸ்லர் ஊர்க்காரர்களும் விற்பது அந்த வளைகோட்டின் செங்குத்தான நுனியை. ஏமாற்று வேலை இல்லை. ஆனால் அமெரிக்காவில் 300 டாலர் ரகத்துக்கும் 3000 டாலர் ரகத்துக்கும் நடுவே விலை பத்து மடங்கு ஏறுகிறது, பார்வை பத்து மடங்கு ஏறுவதில்லை.

பரணில் ஆண்டுக்கு நூறு அந்தி உட்காருகிறவர், தவறான விலங்கைச் சுட்டால் வழக்கைச் சந்திக்க வேண்டியவர், அந்த நுனிக்குக் காசு கொடுப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். நமக்கு? அங்கே ஜூன் மாதத்தில் சூரியன் மறைந்தபின் நல்ல மங்கல் முக்கால் மணி நேரத்தை நெருங்கும். சென்னைப் பக்கம் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இருபது நிமிடம் சொச்சத்தில் ஆட்டம் குளோஸ். வேடந்தாங்கலில் கூடு திரும்பும் நாரைகளைப் பார்க்க அந்த இருபது நிமிடம் வேண்டும்தான். அதற்கு 40 மி.மீ. லென்ஸ் தாராளம். நாரையைத் தப்பாக அடையாளம் கண்டால் யாரும் கோர்ட்டுக்கு இழுக்கப் போவதும் இல்லை, நோட்டில் அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.

மன்றத்தில் நான் சொன்னது: ஒரு நல்ல பெயருள்ள கம்பெனியின் 8×40 போரோ இரண்டு. பத்தாயிரத்துக்குள் ஒன்று கிடைக்கிறது. அதே விலைக்கு ரூஃப் ரகம் வேண்டாம், அந்த விலையில் கூரைக் கோணத்தையும் கட்டப் பூச்சையும் ஒழுங்காகச் செய்து தர முடியாது. போரோ கொஞ்சம் பருமன், மழைக்கு ஆகாது. மழையில் நாமும் போவதில்லை.

முதல் கட்சி விடவில்லை. ஒருவன் எங்கேயோ வாங்கிய 'பவர் 60×60' ஒன்றைக் கொண்டுவந்து, "இது 1500 ரூபாதான், அறுபது மடங்கு காட்டும்" என்றான். சண்டை போடவில்லை, வேர்னியரை எடுத்தோம். முன் லென்ஸ் 36 மி.மீ. பைனாகுலரை வெள்ளைச் சுவருக்கு நேராகப் பிடித்து, கண் வைக்கிற பக்கம் டிரேசிங் பேப்பர் காட்டினால் ஒரு வெளிச்ச வட்டம் விழும். அது 4.5 மி.மீ. வகுத்தால் 8! அறுபது என்பது அட்டைப்பெட்டியில் மட்டும். இரண்டு குழாயும் வேறு வேறு திசை பார்த்ததால் ஐந்து நிமிடத்தில் தலைவலி. செவ்வண்ண லென்ஸ் வேறு. சிவப்பைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கொக்கைப் பச்சையாகக் காட்டியது. முதல் கட்சி அன்றோடு கலைந்தது.

நீங்கள் சொந்தமாக வாங்கப் போனால் சிலது பாருங்கள். கையை நீட்டி வானத்துக்கு நேராகப் பிடித்தால் வெளிச்ச வட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் சாம்பல் நிறத்தில் சதுரமாக வெட்டுப்பட்டால் பட்டகக் கண்ணாடி மட்டம். தூரத்து மொட்டைமாடி விளிம்பைப் பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்குங்கள். கோடு இரண்டாகி ஒன்று மேலே, ஒன்று கீழே போனால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடிக்காரர்கள் கண்ணாடியோடேயே பார்த்து, வட்டம் முழுசாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஜூம் வைத்தது வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸில் பூஞ்சை பிடித்தால் போன கண்ணாடி போனதுதான்.

கடைக்குப் போகிற நேரமும் முக்கியம். பட்டப்பகலில் போனால் எல்லாமே நன்றாகத் தெரியும், கடைக்காரருக்கு வசதி. சாயந்திரம் ஆறேகாலுக்குப் போய், "சார், கொஞ்சம் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்" என்று கேளுங்கள். எதிர்ச்சாரியில் விளக்குப் போடாத ஒரு பெயர்ப்பலகையின் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். நாங்கள் எங்கள் இரண்டையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம்.