ஒரே சவுக்கு போதுமா?

திண்டிவனத்துலேர்ந்து மரக்காணம் பக்கம் போனா வழியெல்லாம் சவுக்குத் தோப்பு. எங்க சித்தப்பாவுக்கும் அங்க ரெண்டு ஏக்கர் இருக்கு. நாலு வருஷம் காத்திருந்து வெட்டணும். தங்கச்சியோட காலேஜ் ஃபீஸ் அந்தத் தோப்பை நம்பித்தான்.

நாட்டுச் சவுக்குக்கு ஒரு பூஞ்சை நோய் உண்டு. பட்டை கொப்பளிச்சு வெடிக்கும், உள்ளே கரிப்பொடி மாதிரி வித்துகள், அப்புறம் மரமே காஞ்சிடும். இந்தோனேசியாவோட ஜுங்குனியானா சவுக்கு இதைத் தாங்கும். கோவை வன மரபியல் நிறுவனம் ரெண்டையும் கலந்து புது ரகங்களை உருவாக்கியிருக்கு. நல்ல மரத்தோட குச்சியை வேர்விட வச்சுத்தான் கன்னு பெருக்குறாங்க. ஒரே ரகம் வச்சா, தோப்பு முழுக்க ஒரே மரத்தோட நகல்!

ஒரே கோடை நூறு இடத்துல காப்பி பேஸ்ட் பண்ணினா ஒரு பக் நூறு பக் ஆகும், நம்ம ஆளுங்களுக்குத் தெரியும் :-) மரத்துலயும் இது நடந்திருக்கு. ஐரோப்பாவுல எல்ம் மரங்களை ஒரு பூஞ்சை அழிச்சுது. அதைத் தாங்கும்னு நெதர்லாந்துல 1960ல 'கொம்மெலின்'ங்கிற கலப்பின எல்ம் வெளியிட்டாங்க. பிறகு அந்த நோயே இன்னும் மூர்க்கமா வந்து அதையும் சாய்ச்சுது.

"கலப்பினமே வைங்க சித்தப்பா, ஆனா மூணு ரகமா வைங்க"ன்னேன்.

"நர்சரியில எது இருக்கோ அதைத்தானேப்பா வைக்க முடியும்?"

நியாயமான கேள்வி. இப்போ நர்சரி நர்சரியா போன் பண்ணிட்டிருக்கேன்.