மாமனாரின் மாம்பலம் ஸ்டேஷன்

மாமியார் காலமான பிறகு என் மாமனார் பேச்சையே குறைத்துக் கொண்டார். "சாப்பிட வாங்க மாமா" என்றால் வருவார், சாப்பிடுவார், எழுந்து போவார். தி.நகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் ஈஸிசேர், அதில் அவர். அவ்வளவுதான்.

என் பையனின் பிறந்த நாளுக்கு ஒரு பாட்டரி ரயில் வந்தது. பையனுக்கு இரண்டே நாளில் அலுத்துவிட்டது. தாத்தாவுக்கு அலுக்கவில்லை! முப்பது வருஷம் மாம்பலத்திலிருந்து பீச்சுக்கு மின்சார ரயிலில் ஆபீஸ் போனவராயிற்றே. 1931ல் ஓட ஆரம்பித்து 2004ல் நின்றுபோன அந்த மீட்டர் கேஜ் வண்டியை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

பென்ஷன் பணத்தில் பலகை, தண்டவாளம், எஞ்சின் எல்லாம் வாங்கினார். 'ஹெச்.ஓ.' என்று ஓர் அளவு. நிஜத்தில் 87 அடி, இதில் ஓர் அடி. நீங்களும் நானும் அதில் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டோம்! தண்டவாளத்திலேயே 12 வோல்ட் மின்சாரம் வந்து, சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போகிறது. வாங்கிய எஞ்சின் வெளிநாட்டு மாதிரி; அதன்மேல் அட்டையால் நம்ம ஊர் வண்டியைச் செய்து மாட்டினார்.

எனக்கோ, கூடத்தில் பாதி போச்சே என்ற எரிச்சல். ஒரு வெள்ளிக்கிழமை பெருக்கும்போது, பலகையோரம் கிடந்த தீக்குச்சித் துண்டுகளைக் குப்பையில் கொட்டிவிட்டேன். அவை அவர் நாலு நாள் குனிந்து ஒட்டிய பிளாட்பார பெஞ்சுகள்! மாமா ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் ஈஸிசேரில் போய் உட்கார்ந்தார். மூன்று நாள் பலகைப் பக்கமே வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

நாலாம் நாள் நானே தீப்பெட்டியும் கோந்துமாகப் பலகை முன்னால் உட்கார்ந்தேன். "எவ்வளவு நீளம் நறுக்கணும் மாமா?" என்றேன். சற்று நேரம் பார்த்துக் கொண்டிருந்தவர், "இன்னும் கொஞ்சம் சின்னதாம்மா" என்றபடி எழுந்து வந்தார்.

அப்புறம் நானும் கூட்டாளிதான். காயவைத்த டீத்தூள் மண்ணாயிற்று. பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூள் புல்லாயிற்று. ஜல்லிக்கு ரவை போடலாமே என்றார். "எறும்பு வரும் மாமா" என்று மணலைச் சலித்துக் கொடுத்தேன். தண்டவாளத்தில் தூசி படிந்தால் வண்டி நின்றுவிடும். கரண்டை அணைத்துவிட்டு மெல்லிய துணியால் துடைப்பது இப்போது என் வேலை.

போன லீவில் வில்லிவாக்கம் ரயில் மியூசியத்துக்குப் போனோம். 2002ல் திறந்தது. போகிற வழியெல்லாம் மாமா பேசிக்கொண்டே வந்தார்.

சகோதரிகளே, வீட்டுப் பெரியவர்கள் ஒரு மூலையில் எதையாவது பரப்பி வைத்திருந்தால், பெருக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.